நான்காவது நகல்

பெனிட்டாவின் தலை ஏற்கெனவே பின்னியிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டெல்பின் சீப்பும் எண்ணெய்க் கிண்ணமுமாக ஹாலுக்கு வந்தபோது, மகள் டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து பிரெட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல். வகிடு நூல் பிடித்தது போல் நேர். நுனியில் நீல ரிப்பன், அதில் டெல்பின் போடும் அதே முடிச்சு, இரண்டு சுற்று சுற்றி நுனியை உள்ளே செருகிவிடுவது. தூத்துக்குடியில் கான்வென்ட் விடுதியில் அவள் பழகிய முடிச்சு அது. டெல்லியின் இந்த துவாரகா ஃபிளாட்டில் வேறு யாருக்கும் அது வராது.

"யாரு பிள்ள பின்னிவிட்டா?"

"நீங்கதான் மம்மி."

"நான் இப்பதான எந்திச்சு வாரேன்."

"முன்னாடி. கிச்சன்ல." பெனிட்டா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வலிக்குதுனு சொன்னேன். நீங்க சுப் சொன்னீங்க."

டெல்பின் மகளை ஒருநாளும் அப்படி இந்தியில் 'வாயை மூடு' என்று அதட்டியதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் வருவதே அரைகுறை, அதட்டுவதையாவது தமிழில் அதட்டுவோம் என்பது அவள் கட்சி. படுக்கையறையில் பிராங்ளின் விமான நிலையத்தில் இரவு டியூட்டி முடித்து வந்து போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஷூ லேஸையே ஒழுங்காகக் கட்டத் தெரியாத மனிதன். ஏதோ வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பான் என்று அவள் முடிவு செய்தாள். வேறு முடிவு செய்ய நேரமும் இல்லை.

ஏனென்றால் திங்கட்கிழமை மீட்டிங். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரங்கராஜன் அவளை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலே பேசினார். அந்த மனிதருக்குக் கீழே நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள், ஒருநாள்கூட உட்காரச் சொன்னதில்லை.

"இந்த சிஸ்டம் ஆறு வருஷம் தாங்கும்னு நீங்கதானம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. பதினோரு வாரம்கூடத் தாங்கலை. திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். இட்டாநகர்ல ஒரு போஸ்ட் காலியா கிடக்கு, தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் இரவு டியூட்டிக்குப் போகும் கணவன், ஏழு வயது மகள். அருணாசலத்து மூலையில் இட்டாநகர் என்றால் பெனிட்டா இல்லாத வீடு. திங்கட்கிழமைக்குள் தப்பு எங்கே என்று கண்டுபிடித்தாக வேண்டும், அவ்வளவுதான்.

*

மெட்ரோவில் ஜோர் பாக் வரும்வரை அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. லோதி ரோடில் அவளுடைய ஆபீஸின் பேஸ்மென்ட்டில் அறுபது கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரே பெரிய அலமாரி போல வேலை செய்கின்றன. எந்த ஃபைல் வந்தாலும் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று நகல் எடுத்து மூன்று மெஷின்களில் வைத்துவிடும். ஒன்று செத்தால் இரண்டு மிச்சம். எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது மட்டும் அறுபத்தொன்றாவது மெஷினின் வேலை. அதற்கு ஆபீஸில் 'முன்ஷி', அதாவது கணக்கப்பிள்ளை, என்று பெயர். டிஸ்க் எத்தனை வேண்டுமானாலும் வாங்கிச் சேர்க்கலாம். முன்ஷியின் ஞாபகத்துக்கு மட்டும் எல்லை உண்டு. அது நிரம்பினால் எல்லாம் நின்றுவிடும், ஆபீஸ் கதவுகள் உட்பட.

ஆகஸ்டில் புது முறை வந்தது. நாலாயிரத்துச் சொச்சம் ஊழியர்கள், வாசலிலும் லிஃப்டிலும் வராந்தாவிலும் கேமரா. யார் முகம் தெரிந்தாலும் ஒரு சின்னப் படம் எடுத்து முன்ஷியிடம் கொடுத்துவிடும். சின்னப் படங்கள்தான் முன்ஷிக்கு எமன், எத்தனை சின்னதானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை ஞாபகம் வைக்க வேண்டும். அதெல்லாம் சேர்த்துத்தான் அவள் ஆறு வருடம் என்று எழுதினாள். கணக்கு தப்பவில்லை, மூன்று தடவை சரிபார்த்திருக்கிறாள். பிறகு ஏன் முன்ஷியின் ஞாபகம் தொண்ணூற்று நான்கு சதவீதம் நிரம்பி நிற்கிறது?

ஸ்டேஷனுக்கு வெளியே நவம்பர் மாதத்து டெல்லி தன் வழக்கமான கோலத்தில் இருந்தது. பத்து மணிக்கும் வெயில் இல்லை. கரித்தூளும் எரிந்த வைக்கோலும் கலந்த புகை தெருவின் மேல் மட்டத்தில் அசையாமல் படுத்துக்கிடக்க, அதற்குள்ளிருந்து ஆட்டோக்களின் ஹாரன்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன, வண்டிகள் வெகுநேரம் கழித்தே கண்ணுக்குத் தெரிந்தன. அவள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நடந்தாள். தொண்டை எரிந்தது.

வாசலில் முகம் பார்க்கும் மெஷின் முன்னால் நின்றாள். தினமும் பச்சை விளக்கு எரிந்து 'நமஸ்தே' என்று எழுத்து வரும். இன்றைக்கு மஞ்சள். 'ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்.'

செக்யூரிட்டி யாதவ் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தான். திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"மேடம், நீங்க காலையிலயே வந்துட்டீங்களே," என்றான் இந்தியில். "நான் சலாம் வச்சேன். நீங்கதான் பேசாமப் போயிட்டீங்க."

"நான் இப்பத்தான் வர்றேன் அண்ணே."

யாதவ் தோளைக் குலுக்கினான். நாள் முழுக்க நிற்பவனுக்கு மேடம்களின் குழப்பமெல்லாம் ஒரு விஷயமா? ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளிவிட்டான். நேற்று வெளியே போகும்போது கேமரா தன்னைத் தவறவிட்டிருக்கும் என்று டெல்பின் நினைத்துக்கொண்டாள். காலையில் அவன் பார்த்தது வேறு யாரையோ இருக்கும். மூக்கை மூடிக்கொண்டு வந்தால் எல்லாப் பெண்களும் ஒன்று போலத்தான் தெரிவார்கள்.

மணி பத்து ஐந்து.

*

பேஸ்மென்ட்டில் கேமரா கிடையாது, போன் சிக்னலும் கிடையாது. மெஷின்களுக்குக் காவல் எதற்கு என்று ரங்கராஜன் அந்தச் செலவை வெட்டிவிட்டார். தடித்த கதவு அவளுக்குப் பின்னால் மூடியதும் விசிறிகளின் இரைச்சல் காதை நிறைத்தது. அறுபது மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு விசிறி, எல்லாம் ஒரே சுருதியில் இரைந்துகொண்டேயிருக்க, தரையின் இரும்புத் தட்டுகளின் இடுக்கு வழியே குளிர்காற்று கணுக்காலில் ஏற, சூடான தூசியும் ஈரமான ஏசி தண்ணீரும் கலந்த அந்தப் பழைய வாடை மூக்கில் வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அந்த வாடை பிடிக்கும். மனிதர்கள் இல்லாத இடத்தின் வாடை.

மூலையில் மேஜை, ஒரு திரை, ஒரு இன்டர்காம். ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டு மணி வாக்கில் தப்பைக் கண்டுபிடித்தாள். தப்பு அவளுடையதுதான்.

அறுபது மெஷின்களும் மூன்று வினாடிக்கு ஒருதரம் முன்ஷிக்கு 'இருக்கிறேன்' என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் குரல் வரவில்லை என்றால் அந்த மெஷின் செத்துவிட்டது என்று முன்ஷி எழுதிவிடும். துக்கமெல்லாம் கிடையாது. செத்ததிடம் இருந்ததை மிச்ச நகல்களைப் பார்த்து வேறு இடத்தில் புதிதாக உண்டாக்கிவிடும். செத்தது பிறகு திரும்பி வந்தால், இப்போது ஒன்று அதிகம். அதிகப்படியை அழித்துவிட்டு மறுபடி மூன்றாக்கும். எதை அழிப்பது? எது கடைசியாகக் குரல் கொடுத்து ரொம்ப நேரமாகிறதோ அதை.

ஆகஸ்டில், பெயர்களை மிச்சம் பிடியுங்கள் என்று ரங்கராஜன் குதித்தபோது, டெல்பின் ஊழியர்களுக்கென்று தனிப் பட்டியல் போடவில்லை. நாலாயிரம் பேரையும் மெஷின்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டாள். கேமரா ஒருவரைப் பார்த்தால் அவர் 'இருக்கிறேன்' என்று குரல் கொடுத்த மாதிரி. அன்றைக்கு அது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. ரங்கராஜன்கூட முனகலாகப் பாராட்டினார்.

ஆக, மனிதர்கள் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள். பத்து நிமிடம் கேமராவில் தெரிவதில்லை. செத்துவிட்டார்கள் என்று முன்ஷி முடிவுகட்டி, அவர்களை மறுபடி உண்டாக்குகிறது.

அவர்களை இல்லை, அவர்களின் படங்களை, என்று டெல்பின் தனக்குள் திருத்திக்கொண்டாள்.

அதிகப்படியை அழிக்கும் வேலையை அவள் ஆரம்பத்திலேயே நிறுத்தி வைத்திருந்தாள். சர்க்கார் ஆபீஸில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், கேட்க ஆளில்லை. ஒரு கிழிந்த காகிதத்தை அழிப்பதென்றால் மேலே கையெழுத்து வேண்டும். அந்தப் பயத்தில் நிறுத்தியதுதான். இப்போது அதைத் திறந்துவிட்டால் போதும், முன்ஷியின் தலை காலியாகும், ஆறு வருடக் கணக்கு சரியாகும், இட்டாநகர் வேறு எவனுக்காவது போகும். அவளுக்கு நிம்மதியில் கண் கலங்கியது.

இன்டர்காமிலிருந்து ரங்கராஜன் வீட்டுக்குப் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

"அழிச்சிடும்மா," என்றார் அவர். குரல் மிருதுவாக இருந்தது. "அதான் நல்லது. நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்கோ. எனக்குப் பரிபூரண சம்மதம். தேங்க்யூ."

நான்கு வருடத்தில் முதல் தேங்க்யூ. ரிசீவரை வைப்பதற்கு முன்னால் அவருடைய இருமல் கேட்டது, அந்த இரட்டை இருமல், ஆபீஸ் முழுக்கத் தெரிந்த இருமல். ஆனால் போனுக்குப் பக்கத்தில் இல்லை. அவர் பேசிய அறையின் அந்தக் கோடியிலிருந்து யாரோ இருமினார்கள். அதே நேரத்தில் ரங்கராஜன், "ஜல்தி," என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார்.

அவளும் ரிசீவரை வைத்தாள். பிறகு பெனிட்டாவை நினைத்தாள். பாஸ்வேர்டை அடித்தாள், அழிப்பதற்கான உத்தரவில் தன் பெயரைப் போட்டாள்.

முன்ஷி பட்டியல் போட ஆரம்பித்தது.

*

வரிகள் மேலே மேலே ஓடின. அவள் டிபனைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை ஒரு வாய் வைத்தாள். ருசியே இல்லை. காலையில் உப்புப் போட மறந்திருப்பாள்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். வேறு யாருடையதையும் பார்ப்பது முறையில்லை என்று தன்னுடையதையே திறந்தாள். பழைய படங்கள் திரும்பத் திரும்பக் கிடக்கும் என்று எதிர்பார்த்தாள்.

பழைய படங்கள் இல்லை. முதல் படத்தின் மூலையில் புதன்கிழமை என்றும் இரவு இரண்டு பத்து என்றும் இருந்தது. மூன்றாம் மாடி வராந்தா. விளக்கெல்லாம் அணைந்து, வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை போர்டு மட்டும் எரிய, அந்த வெளிச்சத்தில் டெல்பின் நடந்து வந்துகொண்டிருந்தாள். அதே கடுகு நிற ஸ்வெட்டர். அடுத்தது இரண்டு பத்து, மூன்று வினாடி கழித்து. இன்னும் கிட்டே. அடுத்தது. ஒவ்வொரு படத்திலும் முகம் நேராகக் கேமராவைப் பார்த்து உயர்ந்திருந்தது. யாருமே கேமராவை அப்படிப் பார்க்க மாட்டார்கள். இவள் பார்க்கிறாள். மூன்று வினாடிக்கு ஒருதரம், விடியும்வரை.

புதன்கிழமை இரவு இரண்டு மணிக்கு டெல்பின் வீட்டில் பெனிட்டாவுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பக்கம். வியாழன். வராந்தாவில் இரண்டு பேர். இரண்டு டெல்பின். ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி, ஒரே எட்டில். அவர்களுக்குப் பின்னால் இருட்டில் இன்னும் உருவங்கள். கணக்குப் பிரிவு ஜெயசீலன். மறுபடி ஜெயசீலன். ரங்கராஜன், ரங்கராஜன், ரங்கராஜன். வராந்தா நிறைய ஆட்கள். எல்லா முகமும் மேலே.

படங்கள் பெருகியதற்குக் காரணம் இதுதான். நகல்கள் நடந்துகொண்டே இருந்திருக்கின்றன, தங்களைக் காட்டிக்கொண்டே.

டிபன் மூடி கீழே விழுந்தது. அவள் அழிப்புப் பட்டியலுக்குத் திரும்பித் தன் பெயரைத் தேடினாள்.

'டெல்பின். நகல்கள் நான்கு. வைக்க வேண்டியவை மூன்று.'

கீழே நான்கு வரி. கடைசியாகப் பார்த்த நேரம், இடம்.

முதல் வரி: 2.41. கீழ்த்தள வாசல், வெளியே.

இரண்டாவது: 2.41. லிஃப்ட்.

மூன்றாவது: 2.41. துவாரகா, செக்டர் பன்னிரண்டு. துவாரகாவில் இந்த ஆபீஸுக்குக் கேமரா கிடையாது. செக்டர் பன்னிரண்டு அவளுடைய வீடு.

நான்காவது: காலை 10.05. வாசல். அதற்குப் பின்னால் குரல் இல்லை. நிலை: அழிக்கப்படுகிறது. துண்டு 9, மொத்தம் 128.

*

நிறுத்து என்று அடித்தாள். முன்ஷி ஏற்கவில்லை. அழிப்பு முடியும்வரை வேறு உத்தரவு எடுப்பதில்லை. அந்த விதியையும் அவள்தான் எழுதினாள்.

துண்டு 11.

எலுமிச்சைச் சாதத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டு போனாள். வாசனை இல்லை. அறையிலும் இல்லை, தூசி வாடை, ஏசி வாடை, எதுவும். எப்போது போனது என்று தெரியவில்லை.

கதவுக்கு ஓடினாள். பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு. கதவும் முன்ஷியைக் கேட்டுத்தான் திறக்கும். கையால் தட்டினாள். சுரீரென்று வலிக்க வேண்டும், வலிக்கவில்லை. விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். நுனிகள் மழுமழுவென்று இருந்தன. ரேகை இல்லை. சோப்புக் கட்டி போல.

இன்டர்காமில் வாசலைக் கூப்பிட்டாள். யாதவ் எடுத்தான்.

"அண்ணே, நான் டெல்பின். பேஸ்மென்ட்ல மாட்டிக்கிட்டேன். கதவைத் திறங்க."

"ஹலோ? யாரு? கேக்கலை."

"டெல்பின் மேடம்."

"மேடம் இப்பத்தான் ஆட்டோ பிடிச்சுப் போனாங்க," என்றான் யாதவ் எரிச்சலாக. "யாரு விளையாடுறது?"

வைத்துவிட்டான்.

கேமரா தன்னைப் பார்த்தால் போதும். ஒரே ஒரு தடவை. அப்போது அவள் குரல்தான் புதிது, வேறு ஒன்று பழசாகிவிடும். ரேக்குகளுக்கு நடுவே ஓடினாள். தரைத் தட்டுகள் அதிர்ந்தன. விசிறிகளின் இரைச்சல் திடீரென்று பாதியாகக் குறைந்தது. மெஷின்கள் நின்றுவிட்டனவா என்று திரும்பிப் பார்த்தாள். எல்லா விளக்கும் கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தன. இடது காதைத் தொட்டாள். காது இருந்தது. கேட்கவில்லை.

துண்டு 52.

பின்பக்கம் தீ விபத்துக்கான அவசரக் கதவு இருந்தது. அதன் முன்னால் பத்து வருடத்துப் பழைய ஃபைல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அழிக்கக் கையெழுத்துக் கிடைக்காத மூட்டைகள். கயிறு வழுக்கியது. விரல்கள் பிடிக்கவில்லை. முழங்கையை விட்டு இழுத்தாள். தோளால் தள்ளினாள். ஒவ்வொன்றாக. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. ஒரு மூட்டை. இன்னொன்று. மூச்சு வாங்கியது. பிறகு மூச்சு வாங்குவது நின்றது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

இரும்புக் கம்பியை இடுப்பால் மோதினாள். கதவு திறந்தது.

*

படிக்கட்டில் பான் பராக் கறை, ஒரு ட்யூப்லைட். பாதிப் படியில் சிக்னல் வந்தது. ஸ்வெட்டர் பையிலிருந்த போன் அதிர்ந்திருக்க வேண்டும். திரை எரிந்ததால்தான் பார்த்தாள். மணி நாலே முக்கால். பிராங்ளினிடமிருந்து ஒரு செய்தி: 'சீக்கிரம் வந்துட்ட, நல்லதாப் போச்சு.'

ஏறினாள். கடைசிப் படி. வரவேற்புக் கூடம்.

கண்ணாடிக்கு வெளியே புகை தரையைத் தொட்டுவிட்டது. தெரு இல்லை, மரம் இல்லை. யாதவ் முதுகைக் காட்டி உட்கார்ந்து மொபைலில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கூப்பிட்டாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

முகம் பார்க்கும் மெஷின் முன்னால் போய் நின்றாள். நெற்றி இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனாள். பச்சை வரவில்லை. மஞ்சள் வரவில்லை. ஆள் வந்தால் எரிகிற திரை எரியவே இல்லை. கறுப்புக் கண்ணாடியில் கூடத்தின் எதிர்ச்சுவர் தெரிந்தது, அதில் சாய்ந்திருந்த பூந்தொட்டி தெரிந்தது.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். முகத்தைப் பார்த்தால் பிராங்ளினுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம். முகத்தைப் பார்த்தால் தெரியாமல் போகுமா?

பிராங்ளின் எடுத்தான். பனியன், தூங்கி எழுந்த கண்.

"ஏளா, உன் நம்பர்ல இருந்து போன் வருது," என்று பின்னால் திரும்பிச் சொன்னான். "போனை ஆபீஸ்லயா விட்டுட்டு வந்த?" பிறகு திரையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். "ஹலோ, யாருங்க? ஒண்ணும் தெரியலையே."

நான்தான், என்று சொன்னாள். நான்தாங்க. பாருங்க.

"சுவர்தான் தெரியுது," என்றான் பிராங்ளின்.

அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். தன் முகம் தெரிய வேண்டிய சின்னக் கட்டம். அதில் சுவர் இருந்தது. பூந்தொட்டி இருந்தது. யாதவின் முதுகு இருந்தது.

பிராங்ளின் தோளுக்குப் பின்னால் அவர்களுடைய ஹால். டிவி ஓடியது. அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டால் திரும்புவாள். பெயர். நீல ரிப்பன் கட்டிய பிள்ளை. காய்ச்சல் வந்த பிள்ளை. பெயர் நுனி நாக்கில் இருந்தது, பிறகு நாக்கில் இல்லை. தேடினாள். எங்கேயும் இல்லை.

பிள்ளைக்குப் பின்னால் டெல்பின் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். கடுகு நிற ஸ்வெட்டர். சமையலறை வாசலில் டெல்பின் கரண்டியோடு நின்றாள். படுக்கையறையிலிருந்து டெல்பின் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு வந்து சோபாவில் வைத்தாள். பிராங்ளின் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றான், தினமும் நகர்கிற மாதிரி.

"வலிக்குது மம்மி," என்றாள் பிள்ளை.

"சுப்," என்றார்கள் மூன்று பேரும்.

பிராங்ளின் போனைப் பிள்ளையிடம் நீட்டினான். "பாரு, யாராவது தெரியுதா?"

பிள்ளை இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் திரையை நிறைத்தது, முன்பல் விழுந்த இடம், கன்னத்தில் பிரெட் துணுக்கு. இவள் திரையில் நெற்றியை வைத்து அழுத்தினாள். வெகுநேரம் பிள்ளை இவளை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"யாருமே இல்ல மம்மி," என்றாள்.

அவளுக்குப் பின்னால் மூன்று முகங்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தன. குனிந்தன. மூன்று வினாடி கழித்து மறுபடி நிமிர்ந்தன.